வரிசைக்கும் ஒரு விஞ்ஞானம் உண்டு

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் ஆளுக்கொரு நாடா என மூன்று நாடாக்கள் ஓடினால்தான் இந்தச் சேலை உருவாகும். தறியில் நெசவாளி அமர்ந்திருப்பார். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா கொடுக்க அவரருகே உதவியாள் ஒருவர் இருப்பார். ஊடை ஓடும் ஒவ்வொரு முறையும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இதற்குக் கோர்வை என்று பெயர். கோர்வை சரியில்லையென்றால், பட்டு எவ்வளவு உயர்ந்ததானாலும் சேலை கரையோரம் பிரிந்துவிடும்.

மருத்துவத்திலும் இப்படி ஒரு கோர்வை உண்டு. மருத்துவர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது, நோயாளியும் இருக்கிறார். இவர்களை உரிய நேரத்தில் ஒன்று சேர்ப்பது யார் வேலை? அந்த வேலைக்கென்றே தனிப் படிப்புகள் இருக்கின்றன. மருத்துவமனை நிர்வாகம், பொதுச் சுகாதாரம், மருத்துவச் சமூகப்பணி என்று அவற்றுக்குப் பல பெயர்கள். "நிர்வாகம்தானே, அதில் விஞ்ஞானம் எங்கே வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். விடை காண, மருத்துவமனை வாசலில் நிற்கும் வரிசையையே எடுத்துக்கொள்வோம்.

கால் மணியும் ஒரு மணியும்

ஒரு மருத்துவர் மணிக்குச் சராசரியாக 20 பேரைப் பார்க்க வல்லவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 16 பேர் வருகிறார்கள். 20 பேரைப் பார்க்கக்கூடியவரிடம் 16 பேர் வந்தால் காத்திருக்கவே வேண்டாமே என்று தோன்றும். ஆனால் நோயாளிகள் கடிகாரம் பார்த்து ஒவ்வொருவராக வருவதில்லை. ஒரு பேருந்து நின்றால் ஐந்து பேர் சேர்ந்து வருவார்கள்; பிறகு பத்து நிமிடம் யாரும் வரமாட்டார்கள். ஒருவரைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். மற்றொருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். இந்த ஒழுங்கின்மையால்தான் வரிசை பிறக்கிறது.

இதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு. 20இலிருந்து 16ஐக் கழியுங்கள், 4 வரும். 1ஐ 4ஆல் வகுத்தால் கால் மணி. வந்து நின்றதிலிருந்து மருத்துவரைப் பார்த்து முடிக்கும்வரை ஒருவருக்கு ஆகும் சராசரி நேரம் இதுதான். மணிக்கு 18 பேர் வந்தால்? மீதி 2, ஆகவே அரை மணி. 19 பேர் வந்தால் மீதி 1. முழுதாக ஒரு மணி நேரம்! வருவோர் தொகை ஐந்தில் ஒரு பங்குகூட உயரவில்லை. நேரமோ நான்கு மடங்காகிவிட்டது.

இத்தகைய கணக்குகளைத் தொடங்கி வைத்தவர் எர்லாங் என்ற டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர். கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தில் வந்து குவியும் அழைப்புகளைச் சமாளிக்க வழி தேடி, 1909இல் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் மற்றொரு விதியை நிறுவினார்: ஓரிடத்தில் இருப்போரின் சராசரி எண்ணிக்கை, வருவோர் வீதத்தையும் ஒருவர் தங்கும் நேரத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம். மணிக்கு 16 பேர் வந்து கால் மணி தங்கினால் கூடத்தில் 4 பேர். 19 பேர் வந்து ஒரு மணி தங்கினால் 19 பேர். கூட்டத்தைக் கண்டதும் கூடத்தைப் பெரிதாகக் கட்டுவது சரியான மருந்தன்று என்பது இதிலிருந்து விளங்கும். தங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

சரி, மணிக்கு 20 பேரே வந்துவிட்டால்? பகுதி சுழியாகிவிடும், வரிசைக்கு எல்லையே இராது. 2019இல் அத்திவரதர் தரிசனத்தின்போது காஞ்சிபுரம் இதைக் கண்ணால் கண்டது. 2011 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 1,64,384. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்களில் வந்தவர்களோ ஏறத்தாழ ஒரு கோடி! சராசரியாக நாளொன்றுக்கு ஊரின் மக்கள்தொகையைவிட அதிகமானோர் வந்து போயினர். ஜூலை 18 அன்று நெரிசலில் சிக்கிச் சிலர் உயிரிழந்தனர். குடிநீர், கழிப்பிடம், முதலுதவி, ஆம்புலன்ஸ் வழி ஆகிய அனைத்தும் அங்கே உயிர் காக்கும் கணக்குகளாயின.

தறி நிற்கும் நாள்

திருவிழாக் கூட்டம் கலைந்துவிடும். அன்றாட வரிசை கலைவதில்லை. அதில் நிற்கும் நெசவாளியை எண்ணிப் பாருங்கள். அவருக்குக் கூலி நெய்த சேலைக்குத்தான். மருத்துவமனைக்குப் போன நாளில் தறி நிற்கும். கோர்வைச் சேலையாக இருந்தால் உதவியாளுக்கும் அன்று வேலையில்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் பெரும்பாலும் வலி காட்டாத நோய்கள். மாதந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து மாத்திரை வாங்க வேண்டுமென்றால், மூன்றாம் மாதம் "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்திவிடத் தோன்றும். சில ஆண்டுகளில் பக்கவாதமோ சிறுநீரகக் கோளாறோ வந்து நிற்கும். மருத்துவரும் மருந்தும் இருந்தும், கோர்வை பிரிந்ததால் வந்த வினை இது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த இடத்தைத்தான் குறி வைத்தது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தொடர்ந்து மாத்திரை உண்போருக்கு அவற்றை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்போரைத் தேடிச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள்.

இப்போது நம் கணக்குக்குத் திரும்புவோம். மணிக்கு வரும் 19 பேரில் 3 பேர் மாத்திரைக்காக மட்டும் வருபவர்கள் என்று கொள்ளுங்கள். அவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை கிடைத்துவிட்டால் வரிசையில் 16 பேர்தான் இருப்பார்கள். ஒரு மணி நேரம் கால் மணியாகச் சுருங்கிவிடும். மூவருக்குச் செய்த உதவியால் மற்ற 16 பேருக்கும் ஆளுக்கு முக்கால் மணி நேரம் மிச்சம்! புதிதாக ஒரு மருத்துவரையும் நியமிக்கவில்லை.

ஆனால் தன்னார்வலரின் பையில் மாத்திரை இருக்க வேண்டுமே! அதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கித் தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் புத்தகம்போல ஒரு பாஸ் புத்தகம் உண்டு. அதிலுள்ள தொகைக்குள் தேவையான மருந்தைக் கிடங்கிலிருந்து பெறலாம். எளிய ஏற்பாடுதான், ஆனால் மருந்து தீர்ந்த பிறகு எழுதுவதா, தீருமுன் எழுதுவதா என்று தெரிந்த ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கையாள வேண்டும்.

நோயைக் காலத்தில் கண்டறிவதும் இப்படியே. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் இருந்துவருகிறது. பக்கத்திலேயே மருத்துவமனை இருந்தும், கட்டி முற்றிய பிறகு வந்தால் பயன் குறைவு. முன்னதாகச் சோதித்து அனுப்பவும், சிகிச்சைக்குப்பின் வீட்டில் தொடர்ந்து கவனிக்கவும் ஊரில் ஏற்பாடு வேண்டும். அதுவே சமூகப் பராமரிப்பு.

என்ன படிக்கலாம்? எங்கே படிக்கலாம்?

இப்படிப்புகளில் நோய் பரவும் முறை, புள்ளியியல், கணக்குப் பதிவு, மருந்து இருப்பு, சட்டம், மனிதரோடு பழகும் முறை ஆகியவை பாடங்களாக அமையும். மருத்துவமனை நிர்வாக முதுகலையில் எந்தப் பட்டம் பெற்றவரையும் சேர்க்கும் நிறுவனங்கள் பல உண்டு. பொதுச் சுகாதார முதுகலைக்குச் சில நிறுவனங்கள் மருத்துவம், செவிலியம் போன்ற பட்டங்களையே கேட்கின்றன. ஆகவே விண்ணப்பிக்குமுன் தகுதி விவரத்தை ஊன்றிப் படியுங்கள்.

சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் பொதுச் சுகாதாரத்திலும், 1952இல் தொடங்கப்பட்ட சென்னைச் சமூகப்பணிப் பள்ளி சமூகப்பணியிலும் பயிற்சி தருகின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1977இல் கே.வி.குப்பத்தில் ஊரக நலப் பணிக்கெனத் தனி மையமே தொடங்கியது. திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் 1964 முதல் ஊரகச் சுகாதார நிறுவனம் இயங்குகிறது. வெளி மாநிலம் செல்ல முடிந்தவர்களுக்கு மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் உண்டு.

தமிழ் வழியில் படித்தோமே என்று தயங்க வேண்டாம். மேற்படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதற்கு உழைக்கத்தான் வேண்டும். ஆனால் தறிக்காரர் ஏன் மாத்திரையை நிறுத்தினார் என்பதை அவர் மொழியில் கேட்டு அறிய வல்லவர் நீங்கள். அந்த விடை கிடைக்காவிட்டால் எந்தத் திட்டமும் சரியாக அமையாது.

அடுத்த முறை மருத்துவமனையிலோ ரேஷன் கடையிலோ வரிசையில் நிற்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். அரை மணி நேரத்தில் எத்தனை பேர் வந்து சேருகிறார்கள் என்று எண்ணுங்கள்; அதிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை பேர் என்று கணக்கிடுங்கள். நீங்கள் உள்ளே நுழைந்து வெளியேறும்வரை ஆன நிமிடங்களால் அதைப் பெருக்குங்கள். அங்கே கூடியிருப்போரின் தலைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒத்துவந்தால் லிட்டில் விதியை நீங்களே சரிபார்த்துவிட்டீர்கள். பிறகு, இந்த வரிசையை எப்படிக் குறைக்கலாம் என்று யோசியுங்கள்.