ஒரு நாளில் ஊறும் அச்சாறு

ஊறுகாய் என்றவுடன் எம்மிற் பலருக்கு நினைவில் எழுவது, பாட்டி வீட்டு மூலையிலே துணியால் வாய் கட்டப்பட்டு நின்ற சாடியேயாகும். வெயிலிற் காய்ந்த தேசிக்காயும், தாராளமாக இட்ட உப்பும், பல வாரப் பொறுமையும் சேர்ந்தே அதன் சுவையை ஆக்கின. இன்றோ, காலையில் அரிந்த கரட்டை மறுநாள் மதிய உணவுடன் அச்சாறாகப் பரிமாற இயலுகின்றது. குளிர்சாதனப் பெட்டி செய்யும் உதவி இது.

ஆயினும், இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுதல் தவறு. பாட்டியின் ஊறுகாயைக் காப்பவை உப்பும் வெயிலும் காயின் புளிப்புமாகும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் அச்சாற்றைக் காப்பவை வினாகிரியும் குளிருமேயாகும். இக்காவலர் இருவருள் ஒருவர் நீங்கினும் பண்டம் கெடும். இதனை உணர்ந்து செய்பவருக்கே இம்முறை நன்மை தரும்.

வினாகிரி எங்ஙனம் காக்கின்றது? எமது நாட்டில் தென்னங்கள்ளிலிருந்து வினாகிரி ஆக்கப்படுகின்றது. கள்ளிலுள்ள சர்க்கரை முதலில் மதுசாரமாகவும், பின்னர் நுண்ணுயிர்களின் செயலால் அசற்றிக் அமிலமாகவும் மாறுகின்றது. மதுசாரத்தைப் புளிக்கச் செய்பவை உயிருள்ள நுண்ணுயிர்களே என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1864ஆம் ஆண்டில் விளக்கினார். ஒரு வகை நுண்ணுயிர் ஆக்கிய அமிலமே உணவைக் கெடுக்கும் ஏனைய நுண்ணுயிர்களைத் தடுக்கின்றது என்பது மாணவர் சிந்திக்கத்தக்க விந்தையன்றோ?

இனிச் செய்முறைக்கு வருவோம். கரட் 200 கிராம், பப்பாசிக்காய் 100 கிராம், சின்ன வெங்காயம் 150 கிராம், பச்சைமிளகாய் ஆறு ஆகியவற்றை எடுத்துக்கொள்க. கரட்டையும் பப்பாசிக்காயையும் தோல் சீவி, விரலளவு நீளத்தில் மெல்லிய துண்டங்களாக அரிக. வெங்காயத்தை உரித்து முழுதாகவே விடலாம். மிளகாயை நெடுக்கே கீறிவிட வேண்டும். இன்றேல் வினாகிரி உள்ளே புகாது. எல்லாவற்றையும் ஒரு மேசைக்கரண்டி உப்புடன் பிசறி ஒரு மணித்தியாலம் வைத்தால், உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். அந்நீரை வடித்துவிடுக. காய் மொறுமொறுப்பாக இருப்பதன் இரகசியம் இதுவே.

பின்னர் 300 மில்லிலீற்றர் வினாகிரி, 150 மில்லிலீற்றர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள் ஆகியவற்றை ஒன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. அமிலம் அதனை அரிக்கும். எவர்சில்வர் பாத்திரமோ எனாமல் பாத்திரமோ நன்று. இரண்டு தேக்கரண்டி கடுகை இஞ்சித் துண்டு ஒன்றுடனும் உள்ளி நான்கு பல்லுடனும் கரகரப்பாக அரைத்து அதிலே கலக்குக. கொதிநீரிற் கழுவி உலர்த்திய ஒரு லீற்றர்க் கண்ணாடிப் போத்தலிற் காய்களை அடுக்கி, அவை முற்றும் மூழ்குமாறு இச்சாற்றைச் சூடாக ஊற்றுக. ஆறியதும் மூடிக் குளிரில் வைத்தால், ஒரு நாளிற் சுவை ஊறிவிடும். மூன்றாம் நாள் இன்னும் நன்றாயிருக்கும்.

சிலர் புளிப்புக்கு அஞ்சி அதிகமாகத் தண்ணீர் கலப்பதுண்டு. அது பெரும்பிழை. புளிப்பு மிகுதியெனத் தோன்றினாற் சீனியைச் சற்றுக் கூட்டுக, வினாகிரியைக் குறைக்கற்க. போத்தலின் சீட்டிற் குறித்த அமில அளவு நூற்றுக்கு 4 அல்லது 5 பங்காக இருத்தல் வேண்டும். வீட்டில் ஆக்கிய வினாகிரி எத்துணை மணமுடையதாயினும், அதன் வலிமை தெரியாமையால் இதற்கு ஏற்றதன்று.

இனிக் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியின் உள்வெப்பம் 4 பாகை செல்சியசுக்கு மேற்படாதிருத்தல் நலம். அச்சாற்றை மூன்று கிழமைக்குள் உண்டு முடித்துவிட வேண்டும். 2022ஆம் ஆண்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை எவரும் மறந்திலர். கதவைத் திறவாதிருந்தாற் பெட்டி ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் குளிர் காக்கும். அதற்குமேல் நம்புதல் தகாது. மின்சாரம் நிலையற்ற காலத்திற் சிறு போத்தலளவே செய்து, இரண்டொரு நாளில் முடித்துவிடுவது அறிவுடைமை. சாறு நுரைத்தாலோ, மேலே பூஞ்சணம் படர்ந்தாலோ, வாடை மாறினாலோ, சுவைத்துப் பாராமலே எறிந்துவிடுக. ஈரக் கரண்டியையும் எச்சிற் கரண்டியையும் போத்தலில் இடாதிருக்கப் பிள்ளைகளையும் பழக்குதல் வேண்டும்.

சந்தையிற் கரட் மலிந்து கிடக்கும் நாளில் இரண்டு இறாத்தல் கூடுதலாக வாங்கி வாட விடுவதிலும், ஒரு பகுதியை இவ்வாறு ஊறவைத்தல் சிக்கனமாகும். திடீரென விருந்தினர் வந்தாலும், சோறும் பருப்பும் அச்சாறும் இருந்தால் இல்லத்தரசி முகம் வாட வேண்டியதில்லை. பாட்டியின் சாடி தன் இடத்தில் நிற்கட்டும். அதன் அருகே இச்சிறு போத்தலுக்கும் ஓர் இடம் உண்டு. அதனிடம் ஆண்டுக்கணக்கான ஆயுளை மட்டும் எதிர்பாராதிருப்போமாக.