அந்தி இருட்டில் காட்டுப்பன்றி... ஜெர்மனி வேட்டைக்காரர்கள் ஸ்கோப் வாங்கும் கணக்கு!

கோதுமைக் கதிரில் பால் பிடிக்கிற பருவம் வந்தால் போதும், ஜெர்மனியின் கிராமப்புற வேட்டைக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். காரணம், காட்டுப்பன்றி. கூட்டமாக இறங்கினால் ஒரே ராத்திரியில் வயலை உழுதுபோட்டுவிட்டுப் போய்விடும். நம்மூரில் நிலக்கடலையும் மரவள்ளியும் போட்டவர்களுக்கு இந்த வேதனையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஆனால், அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பகுதியின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்தான் பெரும்பாலும் விவசாயிக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். பன்றி மேய்ந்தது விவசாயியின் வயலில். பணம் போவது வேட்டைக்காரரின் பாக்கெட்டிலிருந்து! எனவே, இது வெறும் பொழுதுபோக்கு இல்லை.

அங்கே வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் 4 லட்சத்துக்கும் அதிகமானோர். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, துப்பாக்கி சுடும் தேர்வு என மூன்றிலும் தேறினால்தான் லைசென்ஸ். 2019-20 பருவத்தில் மட்டும் 8 லட்சத்துக்கும் அதிகமான காட்டுப்பன்றிகள் சுடப்பட்டன. 2020 செப்டம்பரில், பிராண்டன்பர்க் மாநிலத்தில் செத்துக்கிடந்த ஒரு காட்டுப்பன்றிக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருப்பது உறுதியானது. மனிதர்களுக்குத் தொற்றாத நோய்தான். என்றாலும், சீனா உள்ளிட்ட நாடுகள் ஜெர்மனியின் பன்றி இறைச்சியை வாங்குவதை நிறுத்திவிட்டன. காட்டுப்பன்றிகளைக் குறைக்க வேண்டிய அவசரம் இன்னும் கூடியது.

சிக்கல் என்னவென்றால், காட்டுப்பன்றி பகலில் புதருக்குள் படுத்துக்கொள்ளும்; வெளியே வருவது இருட்டிய பிறகுதான். அந்த நாட்டு வேட்டைச் சட்டப்படி சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்திலிருந்து, சூரிய உதயத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்புவரை ‘இரவு’. அந்த நேரத்தில் மான் வகைகளைச் சுடக் கூடாது. காட்டுப்பன்றிக்கு மட்டும் விதிவிலக்கு. ஆகவே, வயலோரம் மரத்தாலான பரணில் ஏறி, நிலா வெளிச்சத்தில் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் எதிரே நிற்பது என்ன என்று காட்டித்தர வேண்டியது, துப்பாக்கியின் மேலே பொருத்திய ஸ்கோப்!

8×56 என்றால் என்ன?

ஸ்கோப்பின் மீது இப்படி இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் முக்கியமான விடை கிடைக்கும். 56-ஐ 8-ஆல் வகுத்தால் 7. அதாவது, ஸ்கோப்பின் பின்பக்கம் வெளியே வரும் ஒளிக்கற்றை 7 மி.மீ. அகலம் இருக்கும். ஸ்கோப்பைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வானத்தை நோக்கிக் காட்டினால், பின்பக்கக் கண்ணாடியில் வட்டமாக ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். அதுதான் இது.

இருட்டில் நம் கண்பாவை விரியும். இளம் வயதில் அது சுமார் 7 மி.மீ. வரை விரியும். ஸ்கோப் தரும் 7 மி.மீ. ஒளியும் முழுதாகக் கண்ணுக்குள் போய்விடும். 8×56 ஸ்கோப் ஐரோப்பிய வேட்டைக்காரர்களிடம் பல காலமாக நிலைத்து நிற்பதற்கு இந்தப் பொருத்தம்தான் காரணம்.

வயதுக்கு ஏற்ற லென்ஸ்

இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். வயது ஏற ஏறக் கண்பாவை விரிவது குறையும். 50 வயதைத் தாண்டிய பலருக்கு அது 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். அவர்களுக்கு 7 மி.மீ. ஒளி வந்தாலும், கண்ணுக்குள் நுழைவது 5 மி.மீ.தான். மிச்சம் வெளியே சிந்திப்போகும்.

அப்படிப்பட்டவர் 8×42 வாங்கினாலே 5.25 மி.மீ. கிடைத்துவிடுகிறது. விலையும் குறைவு, எடையும் குறைவு. அல்லது 56 மி.மீ. லென்ஸையே வைத்துக்கொண்டு பத்து மடங்குக்குக் கூட்டலாம். ஒளி 5.6 மி.மீ.; வெளிச்சம் குறையாமல் உருவம் பெரிதாகும்.

விளம்பரங்களில் ‘அந்தி எண்’ என்று ஒன்றைப் போடுவார்கள். இரண்டு எண்களையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுப்பது. 8×56-க்கு அது சுமார் 21. எண் பெரிதானால் அந்தியில் விவரம் கூடுதலாகத் தெரியும் என்பது கணக்கு. ஆனால், 20×42 ஸ்கோப்புக்கு அந்தி எண் 29 வரும். அதில் வெளிவரும் ஒளியோ 2.1 மி.மீ.தான்! எண்ணைப் பார்த்து வாங்கியவர் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

விலை ஏன் இவ்வளவு?

ஜெர்மனியின் ஸைஸ், ஷ்மிட் அண்டு பெண்டர், ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி ஆகியவை இந்தத் துறையின் பெரிய பெயர்கள். ஆம், கிரிஸ்டல் நகைகளுக்குப் பெயர்பெற்ற அதே ஸ்வரோவ்ஸ்கி குடும்பம்தான்! இவர்களின் 56 மி.மீ. ஸ்கோப்கள் பலவற்றின் விலை 2,000 யூரோவைத் தாண்டும்.

இந்தப் பணத்தில் பெரும்பங்கு கண்ணாடிக்கும், அதன் மேலுள்ள பூச்சுக்கும் போகிறது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவிகித ஒளி திரும்பிப் போய்விடும். பத்துப் பரப்புகளைத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். இதற்குத் தீர்வாக, 1935-ல் ஸைஸ் நிறுவனத்தின் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஸ்மகுலா, லென்ஸின் மீது மெல்லிய பூச்சு போடும் முறையைக் கண்டுபிடித்தார். இன்று பல அடுக்குப் பூச்சுகளின் உதவியால் நல்ல ஸ்கோப்கள் சுமார் 90 சதவிகிதமோ அதற்கு மேலோ ஒளியைக் கடத்துகின்றன.

ஆனால், 90-க்கும் 92-க்கும் உள்ள வித்தியாசத்தை மனிதக் கண் கண்டுபிடிக்காது. அந்த இரண்டு சதவிகிதத்துக்காக மட்டும் பல நூறு யூரோ கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. ‘குழாய் 30 மி.மீ. தடிமன், அதனால் வெளிச்சம் அதிகம்’ என்பதும் கடைப்பேச்சுதான். தடிமனான குழாயில் ஸ்கோப்பைத் திருத்தி அமைக்க இடம் அதிகம் கிடைக்கும். வெளிச்சத்தைத் தீர்மானிப்பது முன் லென்ஸும் கண்ணாடியின் தரமும்தான்.

கறுப்பின் மேல் கறுப்பு

ஸ்கோப்புக்குள் குறி பார்க்க மெல்லிய கறுப்புக் குறுக்குக்கோடுகள் இருக்கும். பன்றியும் கறுப்பு, இரவும் கறுப்பு. கோடு எங்கே என்று எப்படித் தெரியும்? அதனால், நடுவில் சின்னதாகச் சிவப்புப் புள்ளி ஒளிரும் ஸ்கோப்களே இரவுக்கு ஏற்றவை.

சிவப்பு ஏன்? இருட்டில் நமக்கு உதவும் விழித்திரை செல்களைச் சிவப்பு ஒளி அதிகம் தொந்தரவு செய்வதில்லை. அப்படியும், புள்ளியின் வெளிச்சத்தை மிக மிகக் குறைத்து வைக்க முடிய வேண்டும். இல்லையென்றால் அந்தப் புள்ளியே கண்ணைக் கூசச் செய்து, பின்னால் நிற்கும் பன்றியை மறைத்துவிடும்.

கடையில் அல்ல, வயலோரத்தில்!

டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் பிரமாதமாகத்தான் தெரியும். சாயங்காலம் வெளியே எடுத்துப்போய்ப் பார்க்க அனுமதிக்கும் கடையைத் தேடுவது நல்லது. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அதுவரை செல்போனைத் தொடக் கூடாது. பிறகு, இரண்டு ஸ்கோப்களையும் ஒரே மடங்கில் வைத்து, ஒரே புதரை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். எதில் கடைசிவரை கிளையும் இலையும் பிரிந்து தெரிகிறதோ, அதுவே நல்லது.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளியையும் கவனிக்க வேண்டும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். சுமார் 9 செ.மீ. இடைவெளி இல்லாவிட்டால், ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

தெரியாததைச் சுடாதே

எவ்வளவு விலை கொடுத்தாலும் ஸ்கோப் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு. ‘அங்கே ஏதோ அசைகிறதே’ என்று தேடுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. ஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் துப்பாக்கிக் குழாயும் திரும்புகிறது. அசைவது நாயோடு நடந்துவரும் மனிதராக இருக்கலாம். தேடுவதற்கு பைனாகுலர், என்னவென்று உறுதியான பிறகுதான் துப்பாக்கி.

பன்றிதான் என்று தெரிந்தாலும் வேலை முடியவில்லை. அது தாய்ப்பன்றியா? உயர்ந்த கதிருக்குள் கோடு போட்ட குட்டிகள் பின்னால் வந்தால் கண்ணுக்குத் தெரியாது. குட்டிகள் தனித்து வாழும் பருவம் வரும்வரை அவற்றை வளர்க்கும் தாயைச் சுடுவது ஜெர்மனியில் குற்றம். தாய் போனால் குட்டிகள் பட்டினியில் சாகும். அதோடு, குண்டு குறி தவறினாலோ துளைத்துக்கொண்டு போனாலோ பின்னால் அதைத் தாங்க மண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பரணின் உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது குண்டு நிலத்தில் புதையும் என்பதால்தான், அங்கே பரணுக்கு அவ்வளவு முக்கியத்துவம்.

2020-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஸ்கோப்போடு இணைக்கும் இரவுப் பார்வைக் கருவிகளை வேட்டைக்காரர்கள் வைத்துக்கொள்ள ஜெர்மனி வழிவிட்டது. எங்கே, எதற்குப் பயன்படுத்தலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கருவி மாறினாலும், இந்த விதிகள் மாறவில்லை.

பைனாகுலர் வாங்கப் போகிறீர்களா?

நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆனால், வேடந்தாங்கலுக்கோ முதுமலைக்கோ போக பைனாகுலர் வாங்கினால் இதே வகுத்தல் கணக்கு கைகொடுக்கும். 8×42 என்றால் 5.25 மி.மீ. - பறவைகள் கூடு திரும்பும் சாயங்காலத்திலும் நன்றாகத் தெரியும். 10×25 என்றால் வெறும் 2.5 மி.மீ. - பகலுக்கு மட்டும்தான் சரிப்படும். ‘பத்து மடங்கு சார்!’ என்று கடைக்காரர் சொன்னால், இரண்டாவது எண் என்னவென்று கேளுங்கள்!