சொரசொரப்பு இல்லையேல் சோறு இல்லை... தெரியுமா?

* வேளாங்கண்ணியில் பேராலயத்திலிருந்து மாதா குளம் வரை மணல் பாதையில் முழந்தாளிட்டே போகிறார்களே பக்தர்கள்! வெளியே முழங்கால் தோலை மணல் உரசி எடுக்கிறது. உள்ளே மூட்டுக் குருத்தெலும்போ, பனிக்கட்டிமேல் பனிக்கட்டி சறுக்குவதைவிட லேசாக வழுக்கிக்கொண்டிருக்கிறது!

* மணலில் அளவாகத் தண்ணீர் தெளித்தால், அதன்மேல் பாரம் இழுக்கும் சிரமம் பாதியாகிவிடும். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்னது இது. தண்ணீர் கூடிப்போனால் மறுபடியும் இழுவைதான்!

* நாகப்பட்டினம் – வேளாங்கண்ணி ரயில் பாதை 2010-இல் வந்தது. அதில் ஓடும் ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது! மழையில் சக்கரம் வழுக்கினால்? எஞ்சினிலேயே மணல் பெட்டி இருக்கிறது. தண்டவாளத்தில் மணலைத் தூவிப் பிடிமானம் தேடிக்கொள்வார்கள்.

* பக்கத்துத் திருவாரூரில் சுமார் 300 டன் ஆழித்தேர். திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும், தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் ஆட்கள் வேண்டும். மரக்கட்டையின் உராய்வை நம்பித்தான் தேர் நகர்கிறது!

* ரைஸ் மில்லில் இரண்டு ரப்பர் உருளைகள் எதிரெதிராக, வெவ்வேறு வேகத்தில் சுற்றும். அந்த வேக வித்தியாசம்தான் உமியை உரிக்கிறது. உமி சும்மா விடுமா? அதில் நிறைந்திருக்கும் சிலிக்கா, மணலில் இருக்கும் அதே சரக்கு. ரப்பரை அரித்துத் தின்றுவிடும். உருளையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தது பாலிஷ். அரிசிக்கு வெள்ளை நிறம் தருவது சொரசொரப்பான எமரி கல்!

* அம்மி வழவழப்பானால் தேங்காய் நழுவுமே தவிர அரைபடாது. அதனால்தான் 'அம்மி கொத்தணுமா?' என்று தெருத்தெருவாக உளியோடு வந்தார்கள்.

* அப்படியானால் மழமழவென்று இழைத்துவிட்டால் உராய்வே இருக்காதா? தலைகீழ்! பட்டறையில் அளவு சரிபார்க்க உதவும், துல்லியமாக மெருகேற்றிய இரண்டு அளவுக் கட்டைகளை அழுத்தித் தேய்த்துச் சேர்த்தால், பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினுக்கும் முழு வழவழப்பு ஆகாது: விசைப்படகு டீசல் எஞ்சினின் சிலிண்டர் உட்சுவரில் வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாக நுண்கீறல் போட்டிருப்பார்கள். அதில் ஆயில் தங்கினால்தான் பிஸ்டன் தேயாமல் ஓடும்.

* இந்தச் சொரசொரப்பை அளக்கக் கருவிகள் உண்டு. ஆனால் நம் விரல் நுனியும் லேசுப்பட்டதல்ல: வெறும் 13 நானோமீட்டர் மேடுபள்ளத்தையும் கண்டுபிடித்துவிடும் என்று 2013-இல் ஸ்வீடன் ஆய்வு காட்டியது. அதாவது, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 13 பங்கு!

வேளாங்கண்ணிக்கு வண்டியில் கிளம்புகிறீர்களா? முதலில் டயரைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தேய்ந்திருந்தால் மழை ரோட்டில் தண்ணீர் வெளியேற வழியில்லை. பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது. மொட்டை, தலைக்கு மட்டும் போதும்!