அரிதாளும் வைக்கோலும்: திருக்கோகர்ணம் வட்டார நெல்வயல்களுக்கான டிராக்டர் கருவித் தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

நெல் அறுவடை இயந்திரமயமான பின்னர், வயலில் எஞ்சும் அரிதாளையும் வைக்கோலையும் அகற்றுவது தனிப் பணியாக மாறியுள்ளது. அப்பணிக்குரிய டிராக்டர் கருவியை வாடகையும் குதிரைத்திறனும் மட்டும் முடிவு செய்தல் பொருந்தாது. வைக்கோல் எதற்குப் பயன்பட வேண்டும், மண்ணின் ஈரம் எந்நிலையில் உள்ளது, அடுத்த பயிர் யாது என்னும் மூன்று வினாக்களே தேர்வுக்கு அடிப்படை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: அரிதாள், வைக்கோல், கட்டும் இயந்திரம், சுழற்கலப்பை, கண்மாய்ப் பாசனம், தீவனம்.

முன்னுரை

குடைவரைக் கோயிலால் அறியப்படும் திருக்கோகர்ணம், புதுக்கோட்டை நகரோடு இணைந்த ஊராகும். 1974இல் உருவான புதுக்கோட்டை மாவட்டத்தில், கல்லணைக் கால்வாய் நீர் எட்டும் அறந்தாங்கி முதலிய பகுதிகள் நீங்கலாக, நெல் வேளாண்மை பெரும்பாலும் ஏரி, கண்மாய், கிணறு ஆகியவற்றையே நம்பியுள்ளது. வடகிழக்குப் பருவமழை நீரில் விளையும் சம்பா நெல், தை, மாசி மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. அதனை அடுத்து வரும் கோடையில் பசுந்தீவனம் அரிதாகிவிடும். எனவே இவ்வட்டாரத்தில் வைக்கோல் கழிவுப்பொருள் அன்று; கால்நடைகளின் கோடை உணவாகும்.

அறுவடை இயந்திரம் விளைவித்த மாற்றம்

நெல்லை அறுத்தபின் வேரோடு நிற்கும் அடித்தண்டு அரிதாள் எனவும், கதிரடித்தபின் எஞ்சும் உலர்ந்த தண்டு வைக்கோல் எனவும் தமிழில் பிரித்து வழங்கப்பெறும். கையறுவடையில் இவ்விரண்டும் இடத்தாலும் பிரிந்திருந்தன. அரிதாள் வயலில் நின்றது. வைக்கோல் களத்தில் சேர்ந்து போராக எழுந்தது. அறுவடை இயந்திரமோ வயலிலேயே கதிரைப் பிரிப்பதால், நிற்கும் தாளின்மேல் வைக்கோல் வரிசையாக விழுகிறது. வெட்டும் பகுதியை உயர்த்தி ஓட்டினால் அரிதாள் நீண்டு, வாரக் கிடைக்கும் வைக்கோல் குறையும். ஆகவே, எஞ்சும் தாளை அகற்றும் முறை அறுவடையின்போதே பாதி முடிவாகிவிடுகிறது. தீவனம் வேண்டுவோர் வெட்டும் உயரத்தை அறுவடைக்கு முன்னரே ஓட்டுநரிடம் வரையறுத்துக் கூறுதல் இன்றியமையாதது.

கருவிகளும் அவற்றின் எல்லைகளும்

வைக்கோல் கட்டும் இயந்திரம், வரிசையாகக் கிடக்கும் வைக்கோலைப் பற்களால் வாரி உருளையாகவோ செவ்வகமாகவோ கட்டுகிறது. நிற்கும் அரிதாளை இது அகற்றாது. வைக்கோல் நன்கு உலர்ந்த பின்னரே கட்டுதல் வேண்டும்; பனி ஈரத்துடன் கட்டினால் உட்புறம் பூசணம் பிடிக்கும். முறையாக வேய்ந்த போர் மழைநீரை வழியவிடும். கட்டுகளுக்கு அத்தன்மை இல்லாமையால் மேடான தளமும் தார்ப்பாயும் தேவைப்படும்.

மல்ச்சர் எனப்படும் தாள் நறுக்கும் கருவி, அரிதாளையும் வைக்கோலையும் ஒருங்கே நறுக்கி நிலத்தின்மேல் பரப்புகிறது. இதனால் ஈரம் காக்கப்படும், தீவனம் கிடைக்காது.

சுழற்கலப்பை என்னும் ரோட்டவேட்டர் தாளை மேல்மண்ணோடு கலக்கிறது. நீண்ட வைக்கோல் வயலில் கிடந்தால், அது கருவியின் சுழல்தண்டில் சுற்றிக்கொள்ளும். ஆதலின் வைக்கோலை வாரிய பின்னரோ நறுக்கிய பின்னரோ இதனை இயக்குதல் நன்று. கொக்கிக்கலப்பையிலும் கொக்கிகளுக்கிடையே வைக்கோல் திரண்டு உழவைத் தடுக்கும். சேற்றுழவில் டிராக்டருக்குப் பூட்டப்பெறும் கேஜ்வீல், நனைந்து மென்மையான அரிதாளை மிதித்து அமிழ்த்தும். இதற்கு வயலில் நீர் நிறுத்தல் வேண்டும்; கோடையில் கண்மாய் நீர் அதற்கு இடங்கொடாது.

மண்ணில் கலப்பதன் விளைவு

நெல் மணியின் எடைக்கு ஏறத்தாழச் சமமாகவோ சற்று மிகுதியாகவோ தாளும் வைக்கோலும் விளைகின்றன. ஏக்கருக்கு 2 டன் நெல் விளைந்தால், அவையும் 2 டன்னுக்குக் குறையாமல் எஞ்சும். உலர்ந்த வைக்கோலில் தழைச்சத்து 0.5 முதல் 0.8 விழுக்காடும், சாம்பல்சத்து 1.4 முதல் 2 விழுக்காடும் உள்ளன. இக்கணக்கின்படி 2 டன்னில் சாம்பல்சத்து மட்டும் 28 முதல் 40 கிலோ வரை அடங்கும். வைக்கோலை முற்றிலும் விற்றுவிடும் வயல் ஆண்டுதோறும் இச்சத்தை இழக்கிறது. அதனை மாட்டுக்கு இட்டு எருவை வயலுக்குத் திருப்பினால் இழப்பின் பெரும்பகுதி ஈடாகும்.

மண்ணில் கலப்பதற்கும் ஒரு விலை உண்டு. கரிமம் மிகுந்த தாளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தற்காலிகமாகக் கவர்ந்துகொள்வதால் இளம்பயிர் வெளிறும். இதனை ஈடுசெய்யத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தாளை மடக்கி உழும்போது எக்டருக்கு 22 கிலோ யூரியா இடவும், அடுத்த நடவுக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் அதனைச் செய்யவும் பரிந்துரைக்கிறது.

சூழலுக்கேற்ற தேர்வு

மாடு வளர்ப்போர்க்கும் வைக்கோல் விற்போர்க்கும் தாழ்ந்த அறுவடை, உலர்த்தல், கட்டும் இயந்திரம் என்னும் வரிசையே ஏற்றது. எஞ்சும் குட்டையான அரிதாளைக் கோடை மழைக்குப் பின் சுழற்கலப்பையால் கலக்கலாம். நெல் தரிசில் உளுந்து விதைப்போர்க்கு எஞ்சிய ஈரமே முதல். வைக்கோலை வாரிவிட்டு அரிதாளை நிற்கவிடுதலே அவர்களுக்கு நலம். இங்கு உழாமையும் ஒரு தேர்வாகும். கிணற்றுப் பாசனத்தில் உடனே அடுத்த நெல் நடுவோர்க்குச் சுழற்கலப்பையும் கேஜ்வீலும் பொருந்தும். எந்நிலையிலும் ஈர வயலில் பாரமான கருவியை இறக்கினால் மண் இறுகிச் சக்கரத்தடம் பள்ளமாகும். மிகப் பொருத்தமான கருவியும் சில நாட்கள் காத்திருந்தே இறங்க வேண்டும்.

பஞ்சாப், அரியானா மாநிலங்களில் நெல்லுக்கும் கோதுமைக்கும் இடைப்பட்ட காலம் மிகக் குறுகியது; அங்குக் கோதுமை வைக்கோலே முதன்மைத் தீவனம். அதனால் நெல் தாளை எரிக்கும் வழக்கம் பரவியது. அதனைத் தடுக்க 2018இல் ஒன்றிய அரசு தொடங்கிய மானியத் திட்டத்தில், தாளுக்கிடையே கோதுமை விதைக்கும் கருவியும் மல்ச்சரும் முதன்மை பெற்றன. நெல் வைக்கோலே தீவனமாகும் புதுக்கோட்டைக்கு அவ்வரிசையை அப்படியே கொணர்தல் பொருந்தாது.

முடிவுரை

தாளை அகற்றும் கருவி, வயலைத் துப்புரவு செய்வதோடு நில்லாமல் வைக்கோல் மாட்டுக்கா மண்ணுக்கா என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. நெல், மாடு, எரு என்னும் சுழற்சி அறுபடாமல் இருக்க, சிற்றூர் அளவில் பொதுப் பயன்பாட்டுக்கு முதலில் வாங்கத்தக்கது வைக்கோல் கட்டும் இயந்திரமே; சுழற்கலப்பை அதற்குத் துணையாக அமைதல் வேண்டும்.