கடல் அறிவியல் – 9: ஆழ்கடலின் குளிரில் பிறக்கும் குடிநீர்

லட்சத்தீவு 36 பவளத் தீவுகளின் கூட்டம். மொத்த நிலப்பரப்பே 32 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் வாழ்பவை 10 தீவுகள். அங்கே ஆறு கிடையாது. மணலுக்குள் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மெல்லிய படலமாகத் தேங்கி நிற்கிறது. கிணறுகளில் ஊறுவது இந்த நீர். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். வீட்டுக் கழிவுகளும் இதில் எளிதில் கலந்துவிடும்.

இத்தீவுகளுக்கு ஏற்ற வழியை, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கியது. அதன் பெயர் தாழ்வெப்ப முறைக் கடல்நீர் சுத்திகரிப்பு. முதல் நிலையம் 2005ஆம் ஆண்டு கவரத்தியில் தொடங்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர்.

வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீர் ஏறக்குறைய 28 டிகிரி செல்சியஸ் சூடு கொண்டது. சூரிய ஒளி எட்டாத 350 மீட்டர் ஆழத்தில் அது 12, 13 டிகிரிதான். காற்றழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும். எனவே மேற்பரப்பு நீரை, காற்று உறிஞ்சப்பட்ட கலனுக்குள் செலுத்தினால், அடுப்பில்லாமலே அதன் ஒரு பகுதி ஆவியாகிறது. நீண்ட குழாய் வழியே மேலேற்றப்படும் ஆழ்கடல் நீர் அந்த ஆவியைக் குளிர்விக்க, உப்பற்ற நன்னீர் கிடைக்கிறது.

நூறு லிட்டர் கடல்நீரில் ஆவியாவது ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். அதனால் கடலுக்குத் திரும்பும் நீரின் உப்பளவு பெரிதாக மாறுவதில்லை. கடல்நீரைச் சவ்வுகள் வழியே அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ. முறையிலோ அடர்ந்த உப்புக்கழிவு வெளியேறுகிறது. சவ்வுகளைப் பாதுகாக்க வேதிப்பொருள்களும் தேவைப்படுகின்றன. பவளப்பாறைகளே நிலமாகவும் அரணாகவும் இருக்கும் தீவுகளுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

2011இல் மினிக்காய், அகத்தி தீவுகளுக்கும் இந்நிலையங்கள் வந்தன. 2024 ஜனவரியில் கட்மத் தீவில், நாளுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் தரும் நிலையம் திறக்கப்பட்டது. கிணற்றை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களுக்குத் தூய குடிநீர் கிடைப்பதோடு, நிலத்தடி நீரின் மீதான சுமையும் குறைகிறது.

இம்முறை எல்லாக் கரைக்கும் பொருந்தாது. பவளத் தீவுகளின் விளிம்பிலேயே கடல் செங்குத்தாக ஆழமாவதால் குளிர்நீர் கரைக்கு அருகில் கிடைக்கிறது. சென்னையில் அந்த ஆழத்தை எட்டப் பல கிலோமீட்டர் தொலைவு கடலுக்குள் செல்ல வேண்டும். அதனால்தான் 2007இல் நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் திறன் கொண்ட நிலையம், சென்னைக்கு அப்பால் மிதவைக் கலத்தில் வைத்துச் சோதிக்கப்பட்டது.

பம்புகளை இயக்க மின்சாரம் வேண்டும். தீவுகளிலோ மின்சாரம் பெரும்பாலும் டீசலில் இருந்தே வருகிறது. இதற்குத் தீர்வாக, கடலின் அதே வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுத்து, அதைக் கொண்டே குடிநீர் தயாரிக்கும் நிலையத்தைக் கவரத்தியில் அமைக்கும் பணியை இக்கழகம் மேற்கொண்டுள்ளது. அது வெற்றி பெற்றால், குடிநீருக்காக டீசல் எரிக்க வேண்டிய தேவை பெருமளவு குறையும்.