கருவியும் கைத்திறனும்

வீட்டுக் கதவு நிலையிற் பொருந்தாவிடின், தச்சன் இழைப்புளி கொண்டு அதன் விளிம்பைச் சிறிது இழைத்துப் பொருத்திவிடுவான். பலநூறு மக்களைச் சுமந்து முகிலுக்கு மேலே செல்லும் விமானத்திற்கு அம்முறை ஏலாது. பொருந்தாத உறுப்பை நெருக்கிப் பிணைத்தால் அவ்விடத்தில் அழுத்தம் மிகும். நாளடைவில் உலோகம் விரிசல் காணும். ஆதலின், உறுப்புகள் அளவு பிறழாமல் அமைதலே விமானத் தொழிலின் உயிர்நிலையாகும்.

முன்னாளில் விமானத்தின் படங்களைத் தாளில் வரைந்தனர். பின்னர், உறுப்புகள் ஒன்றோடொன்று இசையுமா என்று அறிய, மரத்தாலும் உலோகத்தாலும் முழு அளவில் மாதிரி செய்து பார்த்தனர். குழாய் செல்ல வேண்டிய வழியில் கம்பி குறுக்கிடுவது அப்பொழுதுதான் புலப்படும். அதனைத் திருத்தப் பொருளும் காலமும் பெரிதும் செலவாயின.

அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில் எவரெட் என்னும் ஊரில் போயிங் நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை உள்ளது. அந்நிறுவனத்தார் 1990ஆம் ஆண்டில் 777 என்னும் விமானத்தை அமைக்க முற்பட்டபொழுது, தாளை விடுத்துக் கணிப்பொறியைத் துணைக்கொண்டனர். ஆணிகள் உட்பட ஏறத்தாழ 30 இலட்சம் உறுப்புகளைக் கொண்ட அவ்விமானத்தை முதலில் கணிப்பொறித் திரையிலேயே பூட்டிப் பார்த்தனர். ஓர் உறுப்பு மற்றொன்றின் இடத்தைக் கவர்ந்தால் கணிப்பொறி அதனைக் காட்டிக் கொடுத்தது. முதல் விமானத்தைப் பூட்டி முடித்து அளந்தபோது, மூக்கு முதல் வால் வரை நேர்மையினின்றும் விலகிய அளவு அரை மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சியதாம்! அது 1994ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் வானில் எழுந்தது.

இவ்வெற்றி கண்டோர், பூட்டும் தொழிலையும் பொறிகளிடமே ஒப்படைக்க எண்ணினர். அவ்விமானத்தின் உடற்பகுதியில் ஏறத்தாழ 60,000 ரிவெட்டு ஆணிகளைத் தொழிலாளர் கையால் அறைந்து வந்தனர். ஓயாத அதிர்ச்சியால் அவர்தம் தோளும் கையும் வருந்தின. அத்துன்பத்தைக் குறைக்க, ரோபோ எனப்படும் எந்திரக் கைகள் இணை இணையாக நிறுத்தப்பட்டன. ஒன்று வெளியே நின்று துளையிட்டு ஆணியைச் செலுத்தும். மற்றொன்று உள்ளே நின்று தாங்கும். ஆனால், உள்ளும் புறமும் நின்ற அவ்விரண்டும் ஒத்து இயங்குதல் அரிதாயிற்று. எந்திரம் விட்ட வேலையை மனிதர் முடிக்க நேர்ந்தது. 2019ஆம் ஆண்டில் அம்முறை கைவிடப்பட்டது.

அதன்பின் பழைய முறைக்கே முற்றும் திரும்பினார்களா? இல்லை. விமானத்தின் உடலைச் சுற்றி வளைந்த தடத்தில் நகர்ந்து துளையிடும் பணியைக் கருவிக்கு அளித்தனர். துளையில் ஆணியைப் பொருத்தும் பணியைத் தொழிலாளரிடம் விட்டனர். பிறழாமல் அளப்பதும் அலுக்காமல் செய்வதும் கருவியின் சிறப்பு. எதிர்பாராத பிழையைத் தடவி உணர்ந்து தக்கவாறு திருத்துவது மனிதனின் சிறப்பு. இவ்விரண்டின் எல்லையை அறிந்து பணியைப் பகுத்தளிப்பதே உண்மையான தொழிலறிவாகும்.