காரில் ஊற்றிய தண்ணீர் எங்கே போனது?

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் 12 கிலோ மீட்டர் போனால் பாலுசெட்டி சத்திரம் வரும். அதன் அருகே இருக்கிறது திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

"புள்" என்றால் பறவை. சீதைக்காகப் போராடி உயிர் விட்ட ஜடாயுவுக்கு ராமர் இறுதிக் கடன் செய்த இடம் இது என்பது ஐதீகம். பெருமாளின் பெயர் விஜயராகவப் பெருமாள். தாயார் மரகதவல்லி. குழந்தை வரம் வேண்டும் பெண்கள், வறுத்த பயிறை மடியில் கட்டிக்கொண்டு இரவில் படுப்பார்கள். காலையில் அது முளைத்திருந்தால் வரம் கிடைத்தது என்று நம்புவார்கள்.

அப்படி வேண்டிக்கொண்டு குழந்தை பெற்ற ஒரு குடும்பம், நன்றி சொல்ல சென்னையிலிருந்து காரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, கணவனின் தாயார், 3 வயதுக் குழந்தை. கார் சர்வீசிலிருந்து வந்து 10 நாட்கள்தான் ஆகின்றன. எண்ணெய் மாற்றினார்கள். பழைய கூலண்டை வடித்துவிட்டுப் புதியது ஊற்றினார்கள். கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். கவலை என்ன?

பாலுசெட்டி சத்திரம் வருவதற்குள் முன்பக்கத்திலிருந்து புகை போல ஆவி கிளம்பியது!

காரை ஓரமாக நிறுத்தினார் கணவர். முன் மூடியைத் தூக்கினார். துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். குழந்தை அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றது.

"டேய், தொடாதே!" என்று அலறினார் தாயார். "குக்கரில் ஆவி அடங்காமல் யாராவது மூடியைத் திறப்பார்களா?"

பாட்டி சொன்னது சரி

பாட்டிக்கு மோட்டார் சாஸ்திரம் தெரியாது. ஆனால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி அழுத்தினால் அதற்கு மேல் சூடு ஏறினாலும் கொதிக்காது. குக்கருக்குள் சுமார் 120 டிகிரி வரை சூடு ஏறுகிறது. கார் ரேடியேட்டரிலும் அதே கதைதான். மூடியைத் திறந்த அந்தக் கணமே அழுத்தம் போய்விடும். அத்தனை தண்ணீரும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். பக்கத்தில் நிற்கும் குழந்தையையும் விடாது.

இந்தத் தண்ணீர் எதற்கு? என்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது நெருப்பின் சூடு 2,000 டிகிரிக்கு மேல் போகும். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இந்தத் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. வெறும் தண்ணீர் என்றால் துருப் பிடிக்கும், உப்புப் படியும். அதனால் கிளைக்கால் என்ற திரவத்தோடு துருவைத் தடுக்கும் பொருட்களையும் கலந்து, நிறமும் சேர்த்து விற்கிறார்கள். அதுதான் கூலண்ட்.

ஊர் ஊராகத் தண்ணீர் கேட்ட பெண்மணி

ஒரு காலத்தில் காரில் தண்ணீர் குறைவது அதிசயமே அல்ல.

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஜெர்மனியில் முதல் மோட்டார் காரைச் செய்த கார்ல் பென்சின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே காரை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். கூடவே 2 பையன்கள். மன்ஹைமிலிருந்து போர்ஷைமுக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல். அந்தக் காரில் ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் என்ஜினைக் குளிர வைக்கும் வழி. ஆகவே வழியெல்லாம் கிடைத்த இடத்தில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே போனார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், காரைச் செய்தவரை அறிந்த அளவுக்கு, முதலில் நெடுந்தூரம் ஓட்டிக் காட்டிய இந்த அம்மாளை உலகம் அறியவில்லை!

1901-ல் மெர்சிடிஸ் காருக்கு மேபாக் என்பவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். சின்னஞ்சிறு குழாய்கள் 8,070! பிறகும் வெகு காலம் டிரைவர்கள் தண்ணீர் டப்பாவை உடன் கொண்டு போனார்கள். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை ஓட்டியவர்களுக்கு அந்தப் பழக்கம் நினைவிருக்கும்.

இன்றைய கார்களில் தண்ணீர் மூடிய வழியிலேயே சுற்றி வருகிறது. சூடாகும்போது விரிந்து பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் ஜாடிக்குப் போகும். ஆறும்போது திரும்பி வரும். ஆகவே ஜாடியில் அளவு தொடர்ந்து குறைகிறது என்றால், எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது.

முதலில் கணக்கு, பிறகு சந்தேகம்

சர்வீசுக்குப் பிறகு தண்ணீர் குறைந்தால் உடனே பட்டறைக்காரரைத் திட்ட வேண்டாம். புதுக் கூலண்ட் ஊற்றும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதை "ஏர் லாக்" என்பார்கள். ஓடும்போது அந்தக் காற்று மெல்ல வெளியேறும். அது இருந்த இடத்தில் தண்ணீர் நிரம்பும். ஜாடியில் அளவு ஒரு முறையோ இரு முறையோ குறையும். பிறகு நின்றுவிடும். அது நோய் அல்ல.

நிற்காமல் குறைந்தால்தான் நோய்.

எப்படித் தெரியும்? காலையில், என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஜாடியில் கோடு போட்டு வையுங்கள். எத்தனை கிலோ மீட்டர் ஓடியது, எவ்வளவு குறைந்தது என்று பால் கணக்குப் போல ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவில் காரின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். படித்து முடித்த இந்த மலரே போதும்! பச்சையோ சிவப்போ கறை தெரிந்தால் கூலண்ட். நிறமும் மணமும் இல்லாத தண்ணீர் என்றால் ஏ.சி. விட்ட தண்ணீர். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நம் கதையில் வரும் கணவர் செய்தது வேறு. 3 நாள் காலையில் அளவு குறைந்திருந்தது. குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பினார். தரையில் ஒரு சொட்டும் இல்லை. "ஒழுகவில்லையே" என்று மறந்துவிட்டார்.

ஒழுகும் தண்ணீர் எல்லாம் தரைக்கு வருவதில்லை. அதுதான் இதில் உள்ள சூது. என்ஜின் சூடாகி அழுத்தம் ஏறும்போது மட்டும் மெல்லிய சாரலாக வெளியே வரும். சூடான இரும்பில் பட்டு அப்போதே காய்ந்துவிடும். வெளிறிய பொருக்குத்தான் மிஞ்சும். டார்ச் விளக்கு அடித்துப் பார்த்தால் தெரியும்.

காஞ்சிபுரத்துத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால், நெசவாளி பாவையே பிரித்துப் போடுவதில்லை. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார். காரிலும் அப்படித்தான். சர்வீசில் கை பட்ட இடங்களை முதலில் பார்க்க வேண்டும். வடிகால் திருகு இறுகியதா? ரப்பர் குழாயின் கிளாம்ப் சரியாக உட்கார்ந்ததா? ரேடியேட்டர் மூடி முழுதும் திரும்பியதா? மூடி சாதாரணப் பொருள் அல்ல. அழுத்தத்தைக் காப்பதும் அதுவே, ஜாடியிலிருந்து தண்ணீரைத் திரும்ப விடுவதும் அதுவே. அதன் ரப்பர் கெட்டால் ஓடும்போது தண்ணீர் போய்விடும், வீட்டில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது.

அதன் பிறகு வாட்டர் பம்ப். காருக்குள் இனிப்பான வாடை அடித்து, முன் சீட்டின் காலடி விரிப்பு நனைந்திருந்தால் ஹீட்டர்.

பெரிய செலவா, சிறிய செலவா?

"ஹெட் கேஸ்கெட் போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால் குடும்பத்தின் மாதச் செலவே ஆட்டம் கண்டுவிடும். என்ஜினின் தலைப்பாகத்தைக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை அது. உண்மையாகவே அது பழுதானால் தண்ணீர் என்ஜினுக்குள் போய் ஆவியாகி, வெள்ளைப் புகையாக வெளியேறும். என்ஜின் எண்ணெய் பால் விட்ட காப்பி போல ஆகலாம். இவை தெரியாவிட்டாலும் சோதிக்க வழி உண்டு. ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைப்பார்கள். புகைக் காற்று கலந்து வந்தால் நிறம் மாறும். வெளிக் கசிவைப் பிடிக்க, என்ஜின் ஆறியிருக்கும்போது கைப் பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இந்த இரண்டையும் செய்யாமல் யாராவது என்ஜினைப் பிரிக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இன்னொரு சங்கதி. தண்ணீர் மிகவும் குறைந்துவிட்டால், சூடு காட்டும் முள் இறங்கியும் காட்டலாம். சூட்டை அளக்கும் கருவியைத் தண்ணீர் தொடாததே காரணம். முள் இறங்கியதே என்று ஓட்டினால் என்ஜின் போய்விடும்.

சாலையோரத்தில்

பாட்டியின் அலறலைக் கேட்டுப் பக்கத்துப் பட்டறையிலிருந்து மெக்கானிக் வந்தார். முக்கால் மணி நேரம் யாரையும் தொட விடவில்லை. "சுட்ட என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், சார்" என்றார். பிறகு தடித்த துணி போட்டு, மூடியைக் கால் சுற்றுத் திருப்பி, மிச்ச ஆவியை விட்டு, மெதுவாகத் திறந்தார். சுத்தமான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மூடியைப் போட்டு என்ஜினை ஓட விட்டு, டார்ச் அடித்தார்.

கீழ்க் குழாயின் கிளாம்ப் கோணலாக, விளிம்பில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் வெளிறிய பச்சைப் பொருக்கு. பழைய கூலண்டை வடிக்கக் கழற்றிய அதே இடம்!

என்ஜினை நிறுத்தி, ஆற விட்டு, கிளாம்பை நேராக்கி இறுக்கினார். "இது தற்காலிகம்தான், சார். ஊர் போனதும் அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்க. கூலண்டும் சரியான அளவில் கலந்து ஊற்றணும்" என்றார்.

தரையில் சிந்தியிருந்த பச்சைத் தண்ணீரைத் தொடக் குழந்தை குனிந்தது. மனைவி தூக்கிக்கொண்டாள். மெக்கானிக் மண்ணை வாரிப் போட்டு மூடினார்.

"எதுக்கப்பா மண்ணு?" என்றார் பாட்டி.

"அது இனிக்கும், பாட்டி. நாய் நக்கினால் செத்துடும். பிள்ளைங்க வாயில் பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

உச்சிக்கால நடை சாத்துவதற்குள் போய்விடலாம் என்று கார் திருப்புட்குழிக்குத் திரும்பியது.